நான் வேண்டாமென்று ஜெபித்த மழை

1933ஆம் வருஷம் ஐப்பசி மாதம். என் அண்ணன் மோசேயின் தலையணையில் ரத்தக்கறை இருப்பதை அண்ணிதான் முதலில் பார்த்தார்கள். காதிலிருந்து வந்த ரத்தம். சில நாள் கழித்து இருமலிலும் வந்தது. அண்ணன் துறைமுகத்தில் டைவர். செம்புத் தொப்பியும் ரப்பர் உடையும் மாட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய் வேலை பார்ப்பவன். இன்னும் அதிக நேரம் கீழே இருந்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்று ராயபுரத்து டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் விளக்கு அணைந்தது. துறைமுக வாயிலில், அலையைத் தடுக்கும் வடக்குச் சுவரின் முனையில் ஒரு மின்சார விளக்கு உண்டு. அதற்கு மின்சாரம் கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிள் வழியாகப் போகும். அந்தக் கேபிள் எங்கேயோ பழுதாகி, தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் வேலை என்னுடையது. துறைமுகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் எங்கள் கம்பெனியில் கேபிள் சோதிக்கிறவன் நான்தான். நான் கை காட்டுகிற இடத்தில் அண்ணன் இறங்கிக் கேபிளைத் தடவிப் பார்க்க வேண்டும்.

கரையில் சோதனைப் பெட்டியை வைத்துக் கணக்குப் போட்டேன். இவ்வளவு தூரத்தில் பழுது என்று அது சொன்னது. அண்ணன் இறங்கினான், ஒன்றும் இல்லை. வேறோர் இடம் காட்டினேன். அங்கேயும் இல்லை. பலமுறை ஒட்டுப்போட்ட பழைய கேபிள் அது, கணக்குக்குள் அடங்கவில்லை. ஒவ்வொரு முறையும் அண்ணன் மேலே வந்து தொப்பியைக் கழற்றும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது.

ஒருநாள் சாயங்காலம் அண்ணி என்னிடம் வந்தார்கள். அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தம்பி, நீ கை காட்ற எடத்துலதான அவரு எறங்குறாரு? காட்டுனா சரியா காட்டு. இல்லாங்காட்டி காட்டவே காட்டாத."

அண்ணனைப் போகவிடாமல் தடுத்துப் பார்த்தேன். வேறு டைவர் கல்கத்தாவிலிருந்து வர வேண்டும், அதற்கு நாளாகும் என்றார்கள் கம்பெனியில். அணைந்த விளக்குக்குப் பதிலாக முனையில் தொங்கவிட்ட எண்ணெய் விளக்கு அந்தக் காற்றுக்கு நிற்கவில்லை. காசிமேட்டுக் கட்டுமரம் ஒன்று இருட்டில் சுவர்க் கல்லில் மோதி உடைந்தது. அதில் போனவர்களில் ஒருவன் திரும்பவில்லை. அதைக் கேட்டதிலிருந்து அண்ணன் யார் பேச்சையும் கேட்கிறவனாக இல்லை.

"எனுக்கு ரத்தம் வருதுன்னு நீ பாக்குற. அங்க ஒருத்தன் பூட்டான்டா. நான் எறங்காம வேற யாரு எறங்குவா?" என்றான்.

எனக்கு ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. செத்த கேபிளுக்குள் கரையிலிருந்து விட்டு விட்டு மின்சாரம் அனுப்புவது. கம்பி சுற்றிய சட்டம் ஒன்றைப் படகிலிருந்து தண்ணீரில் இறக்கி, அதோடு இணைத்த, டெலிபோனில் இருப்பது போன்ற குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு, கேபிளின் மேலாகவே படகைச் செலுத்துவது. கேபிள் நன்றாக இருக்கிற வரைக்கும் 'டிக் டிக்' என்று கேட்கும். பழுதான இடத்தைத் தாண்டினால் சத்தம் நின்றுவிடும். அந்த இடத்தில் இறங்கினால் அண்ணன் ஒரே முறை போய் வந்துவிடலாம்.

ஆனால் கிரேன்களுக்குப் போகும் பெரிய கேபிளும் பக்கத்திலேயே கிடந்தது. அதன் இரைச்சல் என் காதை அடைத்தது. எங்கே போனாலும் ஒரே 'கும்'. கிரேன்களைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள் என்று கம்பெனியில் கெஞ்சினேன். விளக்கு இல்லாததால் கப்பல்கள் பகலில்தான் உள்ளே வருகின்றன, பகலில் கிரேனை நிறுத்த முடியாது என்றார்கள். இருட்டில் வாயில் பக்கம் படகு போக அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் கிரேன் ஓடியது. ஆராதனையில் உட்கார்ந்திருந்த என் காதில் பாட்டு விழவில்லை, அந்த இரைச்சல்தான் கேட்டது.

நான் கேட்ட ஜெபம் ஒன்றே ஒன்று. மழை வரக் கூடாது. மழை பெய்தால் கடல் கலங்கிச் சேறாகிவிடும். அண்ணன் கண் தெரியாமல் தடவித் தடவி வெகுநேரம் கீழே கிடக்க நேரும். "ஆண்டவரே, வேறு எதுவும் கேட்கமாட்டேன், மழையை மட்டும் நிறுத்தி வையும்" என்று முழங்கால் வலிக்கும் வரை மன்றாடினேன்.

மறுநாள் நான் படகில் இருக்கும்போதே மழை வந்தது. சாதாரண மழை இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. எனக்கு வந்த கோபத்தை இங்கே அப்படியே எழுத முடியாது. நீர் இருக்கிறீரா, இருந்தால் உமக்குக் காது கேட்கிறதா என்று கேட்டேன். இனி உம்மிடம் வாயே திறக்கமாட்டேன் என்றும் சொன்னேன். படகைக் கரைக்குத் திருப்பச் சொன்னேன்.

படகோட்டி காசிம் பாய் திருப்பவில்லை. "இந்த மழைல எங்க நைனா போறது? ஒண்ணும் தெர்ல. பேஜார் பண்ணாம ஒக்காரு" என்று தார்ப்பாயை என் தலைமேல் போட்டார். காதுக் குழாய் நனைந்துவிட்டதா என்று பார்க்கத்தான் அதை எடுத்து மாட்டினேன்.

இரைச்சல் இல்லை.

முதலில் குழாய் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு கேட்டது, மெல்லிசாக, சுத்தமாக: டிக், டிக், டிக். தார்ப்பாயை விலக்கி மழைக்குள் உற்றுப் பார்த்தேன். கப்பல்களில் சரக்கு நனையாமல் இருக்கக் கூலியாட்கள் அறைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். மழை வந்தால் சரக்கு இறக்கமாட்டார்கள். சரக்கு இறங்காவிட்டால் கிரேனுக்கு வேலை இல்லை. ஒரு கிரேன் அசையவில்லை. வருஷக்கணக்காகத் துறைமுகத்தில் இருக்கிறேன், இது எனக்குத் தெரியாததா? ஆனால் மழை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தவனுக்கு அது எப்படித் தோன்றும்?

"பாய், துடுப்பை வலி. வாயில் பக்கம் வலி" என்றேன். அவர் துடுப்பைப் போட்டார். மழையை நிறுத்தும் என்று கெஞ்சிய அதே வாயால், ஆண்டவரே நிறுத்திவிடாதேயும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கத்தினேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கத்தினேன். வடக்குச் சுவரை நெருங்கும்போது சத்தம் நின்றது. பின்னால் வலிக்கச் சொன்னேன், கேட்டது. முன்னால் போனோம், நின்றது. கல்லில் கட்டிய மிதவையை அங்கே போட்டேன். கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. கிரேன்கள் மறுபடி கிளம்பி, என் காது அடைத்துப்போயிற்று.

மறுநாள் காலையில் அண்ணன் அங்கே இறங்கினான். தண்ணீர் காபித் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். சீக்கிரமே கயிறு வெட்டி இழுத்தது. மேலே தூக்கினோம். தொப்பியைக் கழற்றியதும் அவன் சொன்னது இதுதான்:

"கெடச்சிதுடா. கல்லு மேல தேஞ்சி கீது. கை வெச்ச எடத்துலயே இருந்துது."

கேபிளைத் தூக்கி ஒட்டுப்போட்டார்கள். விளக்கு எரிந்தது.

நல்லதை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. அண்ணனுக்கு ஒரு காது போய்விட்டது. நெஞ்சும் குணமாகவில்லை. அதன் பிறகு அவன் கடலில் இறங்கவே இல்லை. அடுத்த வருஷம் ஆவணியில் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தான். ஆனால் தன் வீட்டில், தன் பாயில், அண்ணி கையிலிருந்து கஞ்சி குடித்துவிட்டுப் போனான். கடலுக்கு அடியில், நான் தவறாகக் காட்டிய ஏதோ ஓர் இடத்தில் போகவில்லை. அந்தப் பத்து மாதத்துக்காக நான் உயிரோடிருக்கிற வரை ஸ்தோத்திரம் சொல்லுவேன்.

இப்போது ஜெபிக்கும்போது இது வேண்டும், அது வேண்டாம் என்று ஆண்டவருக்கு நான் வேலை கற்றுக்கொடுப்பதில்லை. என் கஷ்டத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள். கேட்டதற்கு நேர் எதிராக வந்தால் கோபப்படுங்கள், நானும் பட்டேன், அவர் பொறுத்துக்கொண்டார். எழுந்து போய்விட மட்டும் வேண்டாம். அன்றைக்கு நான் எழுந்து போகத்தான் பார்த்தேன்.