திருகோணமலையில் மணிலாக்காரரின் ஆறு துடுப்புகள்

நான் வெருகல் ஆற்றில் படையல் வைத்ததாக மட்டக்களப்பில் ஒரு கதை நடக்கிறது. கன்னியர் மடத்தில் படித்தவள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், அறுபத்தெட்டு வயதில் செத்தவர்களுக்குச் சோறு போடுகிறாளாம். நம் பழைய மாணவிகளில் இரண்டு பேர் இதை என்னிடமே கேட்டார்கள். நான் படையல் வைக்கவில்லை. வைக்கத்தான் போனேன், முடியவில்லை. வெருகலில் ஆற்றில் கொட்டியது கெட்டுப்போன சோறும் முட்டையும் வாடிய வெற்றிலைபாக்கும். அதற்குப் பெயர் குப்பை.

நடந்ததை இந்தச் சுற்றுமடலில் முழுவதுமாக எழுதிவிடுகிறேன். யப்பான்காரரின் குண்டு விழுந்தபின் ஊரை விட்டு வந்த உங்களில் பலர், திருகோணமலைக்கு ஒருமுறை போய்வர வழி எப்படி என்று கேட்டு எழுதுகிறீர்கள். அந்த விவரமும் இதில் இருக்கிறது.

என் கணவர் பெத்ரோ, பிலிப்பைன்ஸ் தீவுகளின் வடக்கே இலோக்கோஸ் என்ற கரையோரப் பகுதியில் பிறந்தவர். பாய்க்கப்பலில் பாய் தைப்பது அவர் தொழில். கப்பல் பழுதாகித் திருகோணமலையில் நின்றபோது அவரும் அவருடைய ஊரவர் ஆறு பேரும் கரையிறங்கினார்கள். கப்பல் போய்விட்டது, அவர்கள் போகவில்லை. ஏழு பேரில் ஒருவர்கூட மணிலாவைச் சேர்ந்தவர் இல்லை; ஆனாலும் ஊர் அவர்களை மணிலாக்காரர் என்றே சொன்னது. முப்பது வருடம் திருத்திப் பார்த்தேன். இப்போது தலைப்பில் நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

அவர்கள் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தவை அதிகமில்லை. சிவப்புத் துணி உடுத்திய ஒரு குழந்தை இயேசு சுரூபம். இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய வள்ளம் செய்யும் முறை. நம் கரையில் அப்படி யாரும் கட்டுவதில்லை. பிறகு ஆத்தாங். இறந்தவருக்காக ஒரு தட்டில் ஒட்டுகிற அரிசிச் சோறு, அவித்த முட்டை, வெற்றிலை, பாக்கு, புகையிலை வைத்து, வந்து சாப்பிடும்படி பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கல்லறையின் தலைமாட்டில் சிலுவைக்குப் பதிலாக இறந்தவரின் துடுப்பையே நடுவார்கள். துடுப்பு நடுவது இலோக்கோஸ் வழக்கமா, கடலில் பிழைத்த இந்த ஏழு பேர் தாங்களாகவே தொடங்கியதா, எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பதினொரு வருடங்களுக்கு முன் அவர் படுக்கையில் கிடந்தபோது, "எனக்கும் ஒரு தட்டு வை" என்றார். நமக்குச் செபம் போதும் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அடக்கம் முடிந்து கூட்டாளிகள் துடுப்பை நட்டார்கள். எட்டாம் நாள் ஒரு மேசனை அழைத்துப் போய் அதைப் பிடுங்குவித்து, சீமெந்துச் சிலுவை வைப்பித்தேன். எழுத்துகள் நேராக இல்லையென்று இரண்டாம் முறையும் எழுதுவித்தேன். அந்த வரிசையில் சிலுவை நின்ற கல்லறை அது ஒன்றுதான். எனக்கு அதில் பெருமை. மற்ற ஆறு பேரும் போர் தொடங்குமுன்னே ஒவ்வொருவராக இறந்து பக்கத்திலேயே துடுப்புகளுடன் அடங்கினார்கள்.

இந்த ஆனியில் அவர் இறந்த நாளன்று அந்தத் தட்டை ஒரு தடவையாவது வைத்துவிட வேண்டும் என்று புறப்பட்டேன்.

புதன்கிழமை காலை மட்டக்களப்பிலிருந்து ஐந்தரை மணி பஸ் ஆறு ஐந்துக்குத்தான் எடுத்தது. வாழைச்சேனைக்கு இருபது மைல், அறுபது சதம். அதற்கு அப்பால் பெற்றோல் தட்டுப்பாட்டால் பஸ் நிச்சயமில்லை. தேங்காய் ஏற்றிய லொறி ஒன்றில் முன் இருக்கை கிடைத்தது, ஒன்றரை ரூபாய். கச்சான் காற்று புழுதியை முகத்தில் அடித்தது. ஈரத் துவாய் ஒன்று கையில் வைத்திருங்கள். வெருகல் ஆற்றைக் கடத்தும் பாதை, அதுதான் அந்தத் தட்டையான படகு, பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. ஆற்றில் தண்ணீர் குறைவு, கடக்கப் பத்து நிமிடம். அன்றிரவு இலங்கைத்துறையில் தெரிந்த குடும்பத்தில் தங்கினேன். மீன் தாராளம், அரிசி இல்லை. உங்கள் பங்கீட்டு அரிசியைக் கையோடு கொண்டுபோங்கள். விருந்தாளியாகப் போய் வீட்டுப் பிள்ளைகளின் அரிசியைத் தின்னாதீர்கள்.

வியாழன் மாட்டுவண்டியில் மூதூருக்குப் போனேன். பதினெட்டு மைல், ஏழு மணித்தியாலம். அங்கிருந்து குடாவைக் கடக்கும் லோஞ்ச் அந்த வாரம் பொதுமக்களை ஏற்றவில்லை. ஆகவே தரைவழியாகக் கிண்ணியா. இருட்டும் நேரம் அங்கே குறிஞ்சாக்கேணியில் சுலைகா உம்மா வீட்டை அடைந்தேன். முன்பு எங்கள் வீட்டுக்கு நெல் கொண்டுவந்து கொடுத்தவர், என்னைவிட நான்கு வயது மூத்தவர்.

வெள்ளி விடியற்காலை அவருடைய குசினியில் சோறு வைத்தேன். அவர் கதிரையை வாசலில் போட்டுக்கொண்டு பார்த்திருந்தார்.

"ஆருக்குப் புள்ள இவ்வளவு கவனமாச் சமைக்கிறாய்?"

"பெத்ரோவுக்கு."

"செத்த மனிசனுக்கா? உசிரோட இருக்கக்குள்ள நேரத்துக்குச் சோறு குடுத்தியா?"

"குடுத்தனான். சரியாப் பன்னிரண்டரைக்கு."

"பாவம் அந்த மனிசன்," என்றார். "பசிச்ச நேரத்துக்கு ஒருநாளும் தின்னயில்ல."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டையை அவரே அவித்துத் தந்தார். வெற்றிலை, பாக்கு, புகையிலை நான் மட்டக்களப்பிலிருந்தே கொண்டுபோயிருந்தேன்.

கிண்ணியாத் துறையைக் கடக்க ஐந்து சதம். பிறகு பன்னிரண்டு மைல் பஸ்ஸில். ஒன்பதே முக்காலுக்கு, அந்தக் கல்லறைகள் இருந்த துறைமுகப் பகுதியின் வாயிலில் நின்றேன். எந்த வாயில் என்று எழுத மாட்டேன், இது போர்க்காலம். முள்ளுக்கம்பிக்கு இப்பால் மேசை போட்டு ஒரு தமிழ்க் கிளாக்கர் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு, மரியாதையான மனிதர்.

"உள்ளுக்கு விடேலாது அம்மா."

"நான் உங்கட கப்பல் பாக்க வரேல்லை. என்ர மனிசன்ர சவக்காலைக்குப் போகவேணும். அரை மணித்தியாலம் போதும்."

அவர் ஒரு வரைபடத்தை விரித்தார். "இதில சவக்காலை எண்டு ஒண்டும் இல்லையம்மா."

"இது எப்ப கீறின படம்?"

"போன வருசம்."

"அவர் செத்துப் பதினொரு வருசம்."

"அப்ப, படத்துக்கு அவரைத் தெரியாது," என்றவர் உடனே தலையைக் குனிந்துகொண்டார். "குறை நினையாதேங்கோ. அந்தப் பக்கம் முழுக்கத் துப்பரவாக்கிக் கொங்கிரீட் போட்டாச்சு. எலும்புகளை எடுக்கச் சல்லியில இருந்துதான் ஆக்களைக் கூட்டிவந்தவை. அங்க போய்க் கேளுங்கோ."

இதை எனக்கு யாரும் அறிவிக்கவில்லை. அறிவித்தல் ஒட்டினார்கள் என்றார் கிளாக்கர். ஒட்டியிருக்கலாம். வாசிக்க ஊரில் யார் இருந்தார்கள்? பங்குச் சுவாமி உட்பட எல்லோரும் போய்விட்டோம்.

வந்ததற்கு மற்ற இடங்களையாவது பார்த்தேன். அந்த ஏழு பேர் குடியிருந்த ஓலைக் குடிசை வரிசை இருந்த இடத்தில் பீப்பாய்கள் அடுக்கியிருந்தன. குழந்தை இயேசு சுரூபத்தை யார் எடுத்துப்போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பிலிப்பைன்ஸ் தீவுகளில் இப்போது யப்பான் இருக்கிறது. அங்கே அவருடைய உறவினர் யார் மிச்சம் என்று கடிதம் போட்டுக் கேட்கவும் வழியில்லை. இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் அவர் அழிந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. தட்டு என் மடியில் துணி சுற்றியபடி இருந்தது.

சல்லி, வடக்கே ஐந்து மைலில் உள்ள மீனவர் ஊர். போய்வர வண்டிக்கு இரண்டு ரூபாய். முத்துமாரியம்மன் கோயிலடியில் இறங்கி, சவம் எடுக்கப் போனவர் யார் என்று கேட்டேன். வேலாயுதத்தைக் காட்டினார்கள். நாற்பது வயதிருக்கும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாக்கியம் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஓம் அம்மா, போனனான். வாங்கோ காட்டுறன்," என்றார்.

கருவாட்டுப் பந்தல்களுக்குப் பின்னால், மணல் மேட்டில், ஆறு துடுப்புகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கல். ஒவ்வொரு கல்லுக்கு முன்னும் சிரட்டை. அதற்குச் சற்றுத் தள்ளி, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய பழைய வள்ளம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பாய் தைக்கும் ஊசியால் என் கணவர் அதன் கயிற்றுமுடிச்சுகளை இறுக்கியதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவும் மிஞ்சியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"துடுப்பு நட்டிருந்தா அது கடலுக்குப் போன ஆள். எங்கட ஆள்தானே," என்றார் வேலாயுதம். "எறிஞ்சுபோட்டு வர மனம் வரேல்லை. சாக்கில சுத்தி, எந்த எலும்புக்கு எந்தத் துடுப்பெண்டு மாறாமக் கொண்டந்தம்."

"சிரட்டையில என்ன?"

பாக்கியம் பதில் சொன்னார். "சோறுதான் அம்மா. அவையள் சோறு வைக்கிறதை முந்திக் கண்டிருக்கிறம். வெள்ளிக்கிழமையில ஒரு பிடி வைப்பன். கூப்பிடப் பேர் தெரியாது. 'மணிலாக்கார மாமாமார், வந்து தின்னுங்கோ' எண்டு சொல்லுவன். என்ர மனிசன் சிரிப்பார்."

"மாமாமாருக்கு வைச்சு மிச்சந்தான் எனக்கு," என்றார் வேலாயுதம்.

நான் மறுபடி எண்ணினேன். ஆறு.

"ஏழு பேர் இருந்தவை," என்றேன்.

வேலாயுதம் சைக்கிள் எண்ணெய் பட்ட கையைச் சாரத்தில் துடைத்தார். "ஓம், ஏழு. ஒண்டில சீமெந்துக் குருசு நிண்டது. வடிவா எழுதிக் கட்டின குருசு. அது வேதக்கோயில் ஆக்கள்ற சாமான், நாங்கள் சைவக்காரர் தொட்டா வில்லங்கம் எண்டு விட்டிட்டம். சுவாமி வந்து முறைப்படி எடுப்பார் எண்டு நினைச்சம்."

"சுவாமி வந்தவரோ?"

"நான் நிண்ட ரெண்டு நாளும் வரேல்லை. மூண்டாம் நாள் எங்களை அனுப்பிப்போட்டு வேற ஆக்களைக் கூட்டிவந்தவை. அவையள் எடுத்தவையோ, அதுக்கு மேலயே கொங்கிரீட்டை ஊத்தினவையோ, தெரியாதம்மா. பொய் சொல்லேலாது." பிறகு கேட்டார்: "அது உங்கட ஆளோ?"

ஓம் என்றேன். துடுப்பைப் பிடுங்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். பாக்கியம் ஒரு பலகையைக் கொண்டுவந்து என்னை உட்காரச் சொன்னார்.

சற்று நேரம் போக, அவர்தான் என் மடியிலிருந்த தட்டைப் பார்த்துச் சொன்னார். "இதில வையுங்கோவன் அம்மா. கூட்டாளிமார்தானே. அவருக்குக் குடுத்து அனுப்புவினம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். என்னால் முடியவில்லை. அந்த ஆறு பேருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் சோறு கிடைக்கிறது. கேட்டுக் கிடைக்காதவர் ஒருவர்தான். அவருடைய தட்டை இன்னொரு இடத்தில் வைத்துவிட்டு வைத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வராது. ஆறு பேரின் பெயர்களையும் ஒரு தாளில் வரிசைப்படி எழுதிக் கொடுத்தேன். பாக்கியத்துக்கு வாசிக்கத் தெரியாது. அம்மன் கோயிலில் புராணம் படிக்கிறவர் வாசித்துக் காட்டுவார் என்றார். தட்டை மறுபடி துணியில் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

திரும்பி வந்த வழி போன வழியேதான். ஞாயிறு முற்பகல் வெருகலில் பாதைக்குக் காத்திருந்தபோது சோறு கெட்டு மணத்தது. ஆற்றில் கொட்டித் தட்டைக் கழுவினேன். யாரோ பார்த்திருக்கிறார்கள், கதை எனக்கு முன்னால் மட்டக்களப்பு வந்துவிட்டது. அன்று எனக்குப் பூசையும் தவறியது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். ஐந்து நாட்கள் ஒதுக்குங்கள், நான்கு போதாது. உங்கள் வீடு நிற்குமென்று நம்பிப் போகாதீர்கள். அனுமதிச் சீட்டு முன்கூட்டியே எடுத்தாலும் வாயிலில் திருப்பி அனுப்பலாம். உங்களுடையவர்கள் எங்கே அடங்கியிருக்கிறார்கள் என்பதற்குக் கல்லையும் சிலுவையையும் நம்பவேண்டாம். பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். நான் பெயரைக் கல்லில் நேராக எழுதுவித்தேன், ஒரு மனிதரிடமும் சொல்லி வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கும் நான் தேத்தண்ணிக்குக்கூடப் போனதில்லை. திருத்த முடியாத பிழை என்று ஒன்று உண்டென்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. செபம் சொல்கிறேன். முன்பு ஆறுதல் தந்தது. இப்போது சொல்கிறேன், அவ்வளவுதான்.

புகையிலையை மட்டும் ஆற்றில் போடவில்லை. அது கெடவில்லை. தட்டோடு அலுமாரியில் இருக்கிறது.

உங்களில் சிலருடைய கணவர்களோ சகோதரர்களோ துறைமுக வேலைக்காக மறுபடி போய், அந்த மூன்றாம் நாள் அங்கே நின்றவர்களாக இருக்கலாம். அவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கொங்கிரீட் ஊற்றுமுன் அந்தச் சீமெந்துச் சிலுவைக்குக் கீழே தோண்டினார்களா? தோண்டியிருந்தால் எங்கே கொண்டுபோனார்கள்? வாய்ச்சொல்லாக அனுப்ப வேண்டாம், வழியில் மாறிவிடும். மடத்து முகவரிக்கு என் பெயருக்குக் கடிதமாக எழுதுங்கள். தோண்டவில்லை என்றால், தோண்டவில்லை என்றே எழுதுங்கள்.