இன்னொரு தடவை கேட்பார்கள்

எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் காயில் கட்டுவது அவர் வேலை. அதனால் வெளியாட்களுக்கு அவர் காயில்காரர். பட்டறைக்குள் இருப்பவர்களுக்கு இழுவை. ஒவ்வொரு பேச்சிலும் கடைசிச் சொல்லை அவர் இழுப்பார். பக்கத்து மாநிலத்திலிருந்து இளம் மனைவியோடு வந்து இறங்கிய அன்றைக்கு ஆரம்பித்த கேலி, தலை நரைத்த பிறகும் அவரை விடவில்லை.

இரண்டு மாநிலத்திலும் பேசுவது ஒரே மொழிதான். ஆனால் இங்கே ஆட்கள் கம்பியைக் கட்டரால் நறுக்குவதுபோல் பேசுவார்கள். "போறேன்" என்பார்கள், போய்விடுவார்கள். அவர் ஊரில் போறேன் என்று சொன்ன பிறகு வாசலில் ஒரு பேச்சு, செருப்பு மாட்டும்போது ஒரு பேச்சு, தெருமுனையில் திரும்பிப் பார்த்து ஒரு பேச்சு. வந்த புதிதில் அவர் கடையில் டீ கேட்டால், கடைக்காரர் அதே ராகத்தில் பாடியபடி டீயை நீட்டுவார். கடையே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாளிலிருந்து விரலைக் காட்டி டீ வாங்கப் பழகினார்.

பேச்சைக்கூட ஓரளவு மாற்றிக்கொண்டார். மாற்ற முடியாதது வேறொன்று. அவர் ஊரில் யாராவது எதையாவது கொடுத்தால் உடனே கை நீட்டக் கூடாது. முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கொடுப்பவர் அதோடு விடக் கூடாது, மறுபடி கேட்க வேண்டும். அப்போது "எதுக்குச் சிரமம்" என்று நெளிந்துகொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே முதல் வேண்டாமுக்கு ஒரு வணக்கத்தின் மதிப்புதான். யாரும் அதை நம்பிவிட மாட்டார்கள்.

இந்த ஊரில் நம்பிவிடுவார்கள். வேண்டாம் என்றவரிடம் மறுபடி கேட்டால், உன் மனசு உனக்கே தெரியாதா என்று கேட்டதுபோல் ஆகிவிடும். அதனால் கேட்க மாட்டார்கள். அதுவும் மரியாதைதான். அதை அவரும் ஒத்துக்கொள்வார்.

வாடகை அறைக்குக் குடிவந்த அன்று வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"சாப்பிடுறீங்களா? நிறையவே செஞ்சிருக்கேன்."

"இல்லீங்க, இப்பதான் ஆச்சு."

"சரி."

கதவு சாத்திக்கொண்டது. அடுப்பு இன்னும் மூட்டையிலிருந்து வெளியே வரவில்லை. பேருந்தில் வந்த இருவரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மறுபடி கதவு தட்டப்படும் என்று இருவரும் பாயில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். தட்டப்படவில்லை. மனைவிதான் முதலில் சிரித்தாள்.

"இனிமே நீங்க வேண்டாம்னு சொல்லுங்க, நான் வேணும்னு சொல்றேன். ரெண்டுல ஒண்ணாவது உள்ள வரட்டும்."

அவள் சீக்கிரம் பழகிக்கொண்டாள். அவருக்கு நாக்கு திரும்பவே இல்லை. அதற்கான விலையைப் பட்டறையில் கொடுத்தார்.

பட்டறையின் பழைய முதலாளி, உடம்பு முடியாமல் மகன் வீட்டுக்குப் போக முடிவு செய்தபோது, முதலில் காயில்காரரைத்தான் கூப்பிட்டார். "நான் போனப்புறம் பட்டறையை நீங்க எடுத்து நடத்துறீங்களா?" என்று கேட்டார். அந்த நாற்காலியைக் காயில்காரர் எத்தனையோ முறை மனசுக்குள் துடைத்து வைத்திருந்தார். வாய் மட்டும், "எனக்கெதுக்குங்க அவ்வளவு பெரிய பொறுப்பெல்லாம்" என்றது. முதலாளி தலையாட்டினார். சில நாள் கழித்துப் பேரிங்கைக் கேட்டார். பேரிங் மாட்டுகிற வேலை செய்ததால் அவனுக்கு அந்தப் பெயர். ஒரு இடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பான் என்பது இன்னொரு காரணம். அவன் "சரிங்க முதலாளி" என்றான். முடிந்துபோனது. அன்றிலிருந்து காயில்காரர் தன்னைவிட இளையவனிடம் வேலை பார்க்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்தவர், தரையில் விளையாடிக்கொண்டிருந்த மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "யாராவது ஒண்ணு கேட்டா, வேணும்னா வேணும்னு சொல்லு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. ஒரு தடவைதான். புரியுதா?" என்றார். அவளாவது இந்த ஊர்க்காரியாக வளரட்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள். அவள் முன்னால் இழுத்துப் பேசுவதைக் குறைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பார்க்க, "அம்மா மட்டும் வரட்டும், அப்பா பேசினா எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று மகள் சொன்னபோது, அவர் அன்றைக்கென்று பார்த்து வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டார். மகள் நறுக்கென்று பேசினாள். நறுக்கென்று வளர்ந்தாள். இந்த ஊர்ப் பையனையே கல்யாணம் செய்துகொண்டாள். அவருக்கு அதில் பெருமைதான்.

மகள் போன பிறகு வீட்டில் பழைய பாட்டு திரும்ப வந்தது.

"சாப்பிட வாங்க."

"பசிக்கலை."

"சும்மா வாங்க."

"உனக்கு இருக்கா?"

"தட்டு வெச்சாச்சு. ஆறிப்போனா எனக்குத் தெரியாது."

அப்புறம்தான் எழுந்து போவார். போன வருஷம் மனைவி இறந்துபோனாள். இந்த மாநிலத்தில் அவரை இரண்டாம் தடவை கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அதற்குப் பிறகு அந்த அறையில் இருக்கவே அவரால் முடியவில்லை. சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். சில நாள் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடமும் ஒரு சொல் பேசாமல், திங்கட்கிழமை பட்டறையில் முதல் வார்த்தை பேசும்போது குரல் துருப்பிடித்த மாதிரி வரும். மகள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவருக்கு இப்போது இருந்த ஒரே ஆசை அது. ஆனால் கூப்பிடாமல் எப்படிப் போவது? தானாகப் போய் இடம் கேட்பது அவர் ஊர்க் கணக்கில் பிச்சை.

கூப்பிடத்தான் செய்தாள். அவளும் மருமகனும் பெரிய வீடு பார்த்திருந்தார்கள். அம்மாவின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே மகள் சொன்னாள்:

"அப்பா, புது வீட்டுல ஒரு சின்ன அறை கூடுதலா இருக்கு. நீங்க எங்களோடயே வந்துடுங்களேன்."

ஒரு வாழ்க்கை முழுக்க அடிபட்டவர். பட்டறை போனது இப்படித்தான் என்று நன்றாகத் தெரிந்தவர். இருந்தும் அவர் காது கேட்க, அவர் வாய் சொன்னது:

"எதுக்கும்மா? எனக்கு இங்க என்ன குறைச்சல்? நீங்க சந்தோஷமா இருங்க."

மகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இதோ மறுபடி கேட்கப் போகிறாள் என்று அவர் நினைத்தார்.

"சரிப்பா. உங்க இஷ்டம்."

பெட்டியை மூடினாள்.

அதற்குப் பிறகு அவர் தனக்குத் தெரிந்த வழியில் கேட்டுப் பார்த்தார். வீடு மாற்றிய அன்று லீவு போட்டுவிட்டுப் போய்ச் சாமான் தூக்கினார். அந்தச் சின்ன அறையை அவரே பெருக்கித் துடைத்தார். ஜன்னல் வழியாக ஒரு சந்தும், எதிர்வீட்டுக் குழாயடியும் தெரிந்தன. அங்கே ஆட்கள் பேசுவது காதில் விழுந்தது. அதுவே அவருக்குப் போதும். அறையின் ஃபேன் கடகடவென்று சுற்றியது. அதைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போய், பழைய காயிலை வெட்டி எடுத்து, நல்ல செம்புக் கம்பியில் புதுசாகக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, கொண்டுவந்து மாட்டினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றார்.

"அருமையா ஓடுதுப்பா" என்றாள் மகள். அதோடு சரி.

ஒருநாள் பட்டறையில் பேரிங் அவரை வம்புக்கு இழுத்தான்.

"என்ன இழுவையண்ணே, டிபன் டப்பா கூட இல்லாம வர்றீங்க? பொண்ணுதான் பெரிய வீட்டுக்குப் போயாச்சே. கூப்பிடலையா?"

"கூப்பிட்டா."

"அப்புறம்?"

"வேண்டாம்னேன்."

"வேண்டாம்னா விடுங்க. நிம்மதியா இருங்க."

"வேண்டாம்னு இல்லைடா."

"அண்ணே, இது என்ன ஸ்விட்சா? ஒருதடவை வேண்டாம், ஒருதடவை வேண்டாம்னு இல்லை!"

காயில்காரர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். "உன்னைக் கேக்குறதுக்கு முன்னாடி முதலாளி என்னைத்தான் கேட்டாரு. தெரியுமா?"

"தெரியும். அண்ணனுக்குப் பொறுப்பு பிடிக்காதாம்னு சொன்னாரு."

"இன்னொரு தடவை கேப்பாருன்னு இருந்தேன்."

பேரிங் உருளாமல் நின்றது அன்றுதான். "அதுக்கப்புறம் எத்தனை நாள் இருந்துச்சு! வாயைத் திறந்திருக்கலாமே அண்ணே. நான் இத்தனை நாளா உங்களை ஆசையில்லாத மனுஷன்னுல்ல நினைச்சுட்டிருக்கேன்."

"எங்க ஊர்ல நாமளா கேக்க மாட்டோம்."

"உங்க ஊரை விட்டு வந்து பொண்ணுக்குக் கல்யாணமே பண்ணியாச்சு. இன்னும் எங்க ஊர், எங்க ஊர்ங்கறீங்க. நேரா போய், நான் வர்றேன்மான்னு சொல்லுங்க. எங்க, இப்ப சொல்லிப் பாருங்க."

"உனக்குச் சிரமம் இல்லைன்னா..."

"அதுதான் வேண்டாம்! அங்கதான் கெடுது. முதல்ல இருந்து."

"நான் வர்றேன்..."

"இழுக்காதீங்க. வெட்டுங்க."

"நான் வர்றேன்மா."

"அவ்வளவுதான். இதுக்குப் போய் இத்தனை வருஷமா!"

அந்த வாரம் முழுக்க அவர் எரிந்த மோட்டார்களிடம் "நான் வர்றேன்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகளுக்கு ஃபோன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் ஒரு விஷயம் பேச வேண்டும் என்றும் சொன்னார். ஒரு பையில் இரண்டு சட்டை, சவரப்பெட்டி, மனைவியின் ஃபோட்டோ எல்லாம் எடுத்து வைத்தார். மகள் சரி என்று சொல்லிவிட்டால் மறுபடி இந்த அறைக்குத் திரும்பி வரும் தெம்பு இருக்காது என்று அவருக்குத் தோன்றியது.

மகள் கதவைத் திறந்தாள். உள்ளே மருமகனின் அம்மா தண்ணீர்ச் சொம்போடு சின்ன அறையிலிருந்து வெளியே வந்தார். அவரும் தனியாள்தான். இந்த ஊர்க்காரர்.

"வாங்க சம்பந்தி. நல்லா இருக்கீங்களா? நான் வந்து நாலு நாள் ஆச்சு. இனிமே இங்கதான். மருமக கூப்பிட்டா, மறுநாளே மூட்டையைக் கட்டிட்டேன். கேக்குறப்போ சரின்னு சொல்லாம, அப்புறம் தனியா உக்காந்து அழுது என்ன ஆகப்போகுது? சொல்லுங்க."

"ஆமாங்க" என்றார் அவர்.

"அப்பாவைத்தான் முதல்ல கேட்டேன் அத்தை" என்றாள் மகள். "அவருக்கு அவர் அறைதான் பிடிச்சிருக்கு. சரி, ஏதோ பேசணும்னு சொன்னீங்களேப்பா?"

திறந்திருந்த கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. மடித்து வைத்த போர்வை தெரிந்தது. மேலே ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஃபேன் எப்படி ஓடுதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இதுக்கா இவ்வளவு தூரம்? பையில என்னப்பா?"

"பட்டறைச் சாமான்" என்று பையைக் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். அம்மா இருந்திருந்தால் அந்த முகத்தைப் படித்திருப்பாள். மகளுக்கு அந்தப் படிப்பை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேண்டாம் என்று அவரே முடிவு செய்திருந்தார்.

"சாப்பிடுறீங்களாப்பா?"

வாரம் முழுக்கப் பழக்கி வைத்த நாக்கு. சொல்ல வந்ததைச் சொல்ல இடமில்லாமல் போனதும், கிடைத்த முதல் கேள்வியில் அது பாய்ந்தது.

"சாப்பிடுறேன்மா."

இழுக்காமல், நெளியாமல், முதல் தடவையே சொன்னார். இந்த மாநிலத்துக்கு வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சரி அதுதான். யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க அதில் என்ன இருக்கிறது? மகள் தட்டு எடுத்து வந்தாள். சம்பந்தியம்மா பரிமாறினார். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். முந்தின நாள் பகலுக்குப் பிறகு அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. தட்டு சீக்கிரமே காலியானது.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா சம்பந்தி?"

"போதுங்க."

கரண்டி பாத்திரத்துக்குள் திரும்பிப் போனது. சம்பந்தியம்மா மூடியை எடுத்து மூடினார்.