உள்பாவாடையில் ஒரு பை

கடலைப் பார்க்கக் காசு செலவழித்துக் கடல் தாண்டிப் போன மன்னார்த் தாழ்வுபாட்டுக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்களுக்கு வாசலில் நின்றாலே கடல். கூரைத் தகரத்தை அரித்துத் தின்பதும் அதே கடலின் காற்றுத்தான். அப்படிப்பட்ட எங்களுக்கு, கலியாணம் முடித்து இருபத்தைந்து வருடமாகிறது என்று, பிரான்சில் இருக்கும் மச்சாள் வியட்நாமில் ஒரு தீவுக்கு டிக்கட் போட்டாள். வெள்ளை மணல், நடந்து ஏறுகிற மலை, ஒரு கிழமை நிம்மதியாக இருந்துவிட்டு வாருங்கள் என்றாள்.

என்னை நுவரெலியாவுக்குக்கூடக் கூட்டிப் போகாத என் மனுசன் உடனே ஓம் என்றார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? எனக்குச் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

வியட்நாம் என்றால் எங்கள் ஊரில் யாரும் மலையை நினைப்பதில்லை. சுற்றுலா விசாவில் போய், அங்கிருந்து களவாகக் கப்பல் ஏறிக் கனடாவுக்குக் கிளம்பியவர்களைத்தான் நினைப்பார்கள். அடுத்த ஒழுங்கையில் ஒருவர் அப்படித்தான் போனார். மனைவிக்குச் சொன்னது ஒரு கிழமைச் சுற்றுலா. நடுக்கடலிலிருந்து அழைப்பு வந்தபோதுதான் அவளுக்கு உண்மை தெரிந்தது. திரும்பி வர டிக்கட் அவரிடமும் இருந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத ஆம்பிளையை வீட்டில் கட்டிவைக்க என்ன இருக்கிறது என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. இழுவைப் படகுகள் வந்து அவருடைய மீன்வலையை அறுத்துப்போட்ட ஒவ்வொரு முறையும் அவர், "இனி இஞ்ச இருந்து என்னத்தைக் கண்டம்?" என்பார். அந்த 'இஞ்ச'வில் நானும் அடக்கமா என்று யோசித்தபடி படுத்திருப்பேன். என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு பயம்தான் எனக்கு.

அவர் செய்ததெல்லாம் அந்தப் பயத்துக்குத் தீனி போட்டது. படகின் எஞ்சினைக் கழற்றித் தன் தம்பியிடம் கொடுத்தார். வெயில் நாட்டுக்குப் போகிற பெட்டியில் தடித்த சுவெற்றரை மடித்து வைத்தார். கேட்டால், மலையில் காற்றடிக்குமாம். எனக்கு ஒரு சோடிச் சப்பாத்து வேறு வாங்கி வந்தார். மனச்சாட்சிக்குப் போடுகிற வாய்ப்பூட்டு என்று நினைத்துக்கொண்டு காலில் மாட்டிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. தையல்காரியல்லவா, உள்பாவாடைக்கு உட்பக்கமாக ஒரு பை தைத்தேன். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், "உங்கட பாஸ்போட்டையும் தாங்கோ, நீங்கள் எங்கையாவது துலைச்சுப்போடுவியள்" என்று வாங்கி, என்னுடையதோடு சேர்த்து உள்ளே வைத்து ஊசி குத்தினேன். விடுதியில் காட்டிய கையோடு இரண்டும் திரும்பவும் பைக்குள் போயின.

தீவின் பெயர் இன்றுவரை என் நாக்கில் ஏறவில்லை. வடிவான தீவு, பொய் சொல்லக்கூடாது. பச்சை மலை நேரே கடலுக்குள் இறங்கியது. மணலில் ஒரு குப்பை இல்லை, கருவாட்டு மணமும் இல்லை. கருவாடு மணக்காத கரையை என்னால் நம்ப முடிவதில்லை. அங்கே மூங்கிலில் பின்னிய வட்ட வள்ளங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவர் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "இது எங்கட சோழகக் காத்துக்கு நிக்காது" என்றார். கடல்தொழில் செய்பவர் வள்ளத்தைத் தட்டிப் பார்ப்பது உலக வழக்கம். எனக்கு அதுவும் பொல்லாததாகப் பட்டது.

அடுத்த நாள் காலை கடற்கரைக் கடையொன்றில் இருந்தோம். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணை, மன்னார்ப் பக்கமோ?"

நாங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை. திரும்பினால் ஒரு இளந்தாரி. சுற்றுலா வந்தவனிடம் ஒரு கமராவாவது இருக்கவேண்டாமா? கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். தொழில் எப்படி, வலை எப்படி என்று கேட்டான். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத மாதிரி எங்கள் மீனுக்காகக் கவலைப்பட்டான். நான் கோப்பி வாங்கப் போய் வந்தபோது இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். "பிறகு சந்திப்பம் அக்கா" என்று எழுந்து போனான்.

"ஆரது?" என்று கேட்டேன்.

"ஆரோ வவுனியாப் பெடியன்" என்று அவர் மணலைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் மலை ஏறுவோம் என்றார். என் முழங்காலை நம்பித்தான் கூப்பிடுகிறார், பாதியில் என்னைக் குந்தவைத்துவிட்டு மறைந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். சாகிற நோவிலும் அவர் குதிகாலை விடாமல் ஏறினேன். முதலில் கல்படி, பிறகு வேரும் சரிவும். அவர் வளைவுக்கு வளைவு நின்று கை கொடுத்தார். நான் அந்தக் கையைப் பிடித்தபோதும் நம்பவில்லை.

உச்சியில் படம் எடுத்துக்கொண்டு நின்றவர்கள் இறங்கிப் போகும்வரை காத்திருந்தார். பிறகு கடலைப் பார்த்தபடியே, "இஞ்சேர், உள்பாவாடைக்குள்ள வைச்சிருக்கிறதை எடு" என்றார்.

எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. "போறதெண்டால் போங்கோ. கோயிலில என்ன சொல்லி என்ர கையைப் பிடிச்சனீங்கள் எண்டதை மட்டும் யோசிச்சுப்போட்டுப் போங்கோ" என்று, ஊசியைக் கழற்றி அவருடையதை மட்டும் உருவி நீட்டினேன்.

அவர் அதை வாங்கிப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஒண்டை வைச்சு நான் என்ன செய்யிறது? ரெண்டையும் தா. அந்தப் பெடியனிட்ட ரெண்டு பேருக்கும்தான் கப்பலில இடம் சொல்லியிருக்கு. உன்ர சுவெற்றரும் பெட்டியின்ர அடியில கிடக்கு."

முதலில் எனக்கு வந்தது சந்தோசம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வெயிலில் எனக்கு ஆடவேண்டும் போல இருந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"என்னைக் கேக்காமலோ?"

"கேட்டால் மாட்டன் எண்டிருப்பாய்."

"இப்பவும் மாட்டன்தான். அடுத்த ஒழுங்கைக்காரிக்கு அந்த ஒரு அழைப்புக்குப் பிறகு இண்டைக்கு வரைக்கும் ஒரு சத்தமில்லை. அவர் நீந்தத் தெரியாமலோ போனவர்?"

"அங்க போனால் ஆரும் எங்கட வலையை அறுக்கமாட்டினம்" என்றார். நான் என் பாஸ்போட்டை மீண்டும் பைக்குள் வைத்து ஊசியைக் குத்தினேன்.

அவர் ஒரு கல்லில் குந்தித் தன் பாஸ்போட்டைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு தன்னுடையதையும் என் கையில் தந்தார். "வா, இறங்குவம். வெயில் ஏறினால் உனக்குக் கால் நோகும்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

ஊருக்கு வந்தபின் என் சந்தேகம் தீர்ந்திருக்கவேண்டும். அது வளர்ந்துதான் இருக்கிறது. முன்பு அவர் போவதற்குக் காரணம் இல்லாமலே பயந்தேன். இப்போது காரணத்தை நானே கொடுத்திருக்கிறேன். அவர் கூப்பிட்டார், நான் மாட்டேன் என்றேன்.

அதனால் விடியற்காலையில் அவர் தொழிலுக்கு இறங்கும்போது தேத்தண்ணீரைச் சாட்டிக்கொண்டு நானும் கரைக்குப் போகிறேன். தம்பியிடமிருந்து திரும்பி வந்த எஞ்சினுக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் படகில் ஏறுகிறது என்று பார்ப்பேன். போன கிழமை அவர் எண்ணெய்க் கானைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

"தூக்கிப் பார். இராமேச்சரம் போகக்கூடக் காணாது" என்று சிரித்தார். பக்கத்துப் படகில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. குனிந்து, தூக்கிப் பார்த்தேன்.