ஸ்கான் அறையின் பச்சை விளக்கு

2024 செப்ரெம்பர், இரண்டாவது திங்கட்கிழமை. இரவு எட்டரை மணிக்கு வெள்ளவத்தையில் யாழ்ப்பாணப் பேருந்தில் ஏறினேன். குளிரூட்டிய வண்டி, கட்டணம் 2,800 ரூபா. ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் தூரம். முன்பெல்லாம் இந்தப் பாதையில் போகும்போது சோதனைச் சாவடிகளின் பெயர்களைக் குறித்துவைப்பேன். இப்போது குறிக்க எதுவும் இல்லை. புத்தளத்தைத் தாண்டும் முன்பே உறங்கிவிட்டேன்.

உடுவிலில் இருக்கும் என் தங்கை மகள் ஷாலினி அழைத்துத்தான் போனேன். யாழ்ப்பாண நகரத்துக்கு வெளியே ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் அவள் கதிர்ப்படப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறாள். "செவ்வாய்க்கிழமை ஒரு கூட்டம் இருக்கு மாமா. அதுக்கு முதல் உங்களோடை ஒருக்கால் கதைக்கோணும். நீங்கள்தானே எங்கடை சனத்துக்குள்ளை கண்டதையெல்லாம் வாசிக்கிற ஆள்" என்று சொல்லியிருந்தாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய், அதிகாலை. பேருந்து ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டது. ஷாலினி ஸ்கூற்றரோடு நின்றாள். நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் ஆளுக்கொரு பால் விடாத பிளேன்ரீ குடித்தோம். கோப்பை ஐம்பது ரூபா. ஆறுவதற்குள் அவள் விஷயத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அவர்களிடம் ஒரு சீ.ரி. ஸ்கான் இயந்திரம் இருக்கிறது. மாலை ஆறரைக்குப் பிறகு யாரும் ஸ்கானுக்கு வருவதில்லை. இரவில் அவசரமானவர்களை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் இந்த ஜூலை வரை இயந்திரம் இரவு முழுவதும் விழித்தே கிடக்கும். படம் எடுக்காமல் சும்மா நிற்கும்போதும் அது மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். அறையைக் குளிராக வைக்கும் ஏசியும் கூடவே ஓடும்.

"எம்.ஆர்.ஐ. எண்டால் உப்பிடி நிப்பாட்டேலாது மாமா, அதின்ரை காந்தம் எப்பவும் குளிரிலை இருக்கோணும். சீ.ரி.யை நிப்பாட்டலாம். மெஷின் கொம்பனி இஞ்சினியரைக் கேட்டுத்தான் செய்தனான். ஓகஸ்ட் தொடக்கம் ஒவ்வொரு நாளும் பின்னேரம் மெயின் சுவிச்சையும் நிப்பாட்டிப்போட்டுத்தான் வீட்டை போறன்."

"கரண்ட் பில் குறைஞ்சதோ?"

"நல்லாக் குறைஞ்சது. ஆனால் டீசல் கூடிப்போச்சு."

ஸ்கான் பகுதிக்கென்று தனியாக ஒரு ஜெனரேற்றர் உண்டு. மின்வெட்டே இல்லாத மாதத்தில் அதன் டீசல் ஏன் இறங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மின்சாரத்தில் மிஞ்சியதை டீசல் தின்றுவிட்டது. பணிப்பாளராக இருக்கும் டொக்டர் ஒன்பது மணிக் கூட்டத்தில் முடிவு சொல்வார். டீசலுக்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால் இயந்திரத்தைப் பழையபடி இரவும் விழிக்க விடவேண்டியதுதான்.

"ஆரும் களவெடுக்கினமோ எண்டும் கணக்கர் கேட்டவர். நான் என்னத்தைச் சொல்ல? இண்டைக்கு டொக்டர் வேண்டாம் எண்டால் பிறகு இந்தக் கதையை ஒருத்தரும் எடுக்கமாட்டினம். காபன், சூழல் எண்டு வாயைத் திறந்தாலே சிரிப்பினம்."

நேரே உடுவிலுக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போனோம். கூட்டத்துக்கு முன் இயந்திரத்தை நேரத்தோடு போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றாள். வழக்கமாக அவள் வருவது ஏழு மணிக்கு. அன்று நாங்கள் வாசலில் இறங்கியபோது ஐந்தரை. வீதி விளக்குகள் எரிந்தன. மேல் மாடி நோயாளர் வாட்டிலும் வெளிச்சம். ஆனால் பின்பக்கத்திலிருந்து தடதடவென்ற சத்தமும் டீசல் வாசனையும் வந்துகொண்டிருந்தன.

"கரண்ட் இருக்கே பிள்ளை. பிறகேன் ஜெனரேற்றர் ஓடுது?" என்று கேட்டேன்.

ஷாலினி தலைக்கவசத்தைக் கழற்றாமலே பின்பக்கம் ஓடினாள். நான் பயணப் பையோடு பின்னால் போனேன். ஜெனரேற்றர் கொட்டிலுக்கு முன்னால் கதிரையில் இரவுக் காவலாளி அருளப்பு உட்கார்ந்திருந்தார். குருநகர்க்காரர், அறுபது வயதிருக்கும். கழுத்தில் செபமாலை, தோளில் துவாய்.

"என்ன மிஸ், இண்டைக்கு வெள்ளெனவே?"

"அருளப்பு அண்ணை, உதை ஏன் போட்டனீங்கள்?"

அவர் ஸ்கான் அறைக் கதவுக்கு மேலே கையைக் காட்டினார். அங்கே ஒரு சிறிய விளக்கு, எரியாமல் இருந்தது. "பச்சை லைற் நிண்டிட்டுது. பச்சை நிண்டால் ஜெனரேற்றரைப் போடு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

2022இல், நாடு முழுவதும் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்ற காலத்தில், அவள்தான் அப்படிச் சொல்லியிருந்தாள். அறை சூடேறினால் இயந்திரம் பழுதாகிவிடும் என்ற பயம். அப்போது அருளப்பு ஒரு முறைகூடப் பிந்தவில்லையாம்.

"போட்டாப் பிறகு பச்சை வந்ததோ அண்ணை?"

"எங்கை வந்தது? அதுதான் பயத்திலை விடியுமட்டும் ஓட விடுறனான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓகஸ்ட் தொடக்கம் ஒவ்வொரு நாளும்தான் நிக்குதே. வாட்டிலை கரண்ட் இருக்கு, உங்கடை பக்கம் இல்லை. வயரிலை ஏதும் பிழையாக்கும் எண்டு நினைச்சன்."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையே?"

"நான் ஆறு மணிக்கு நிப்பாட்டிப்போட்டுப் போறன், நீங்கள் ஏழுக்கு வாறியள். பகல் வோச்சரைக் கேட்டனான். மெஷின் வடிவா வேலை செய்யுது எண்டவன். அப்ப நான் இரவிரவாப் பாத்தது வீண்போகேல்லை எண்டுதானே நினைப்பன்?"

ஷாலினி தலைக்கவசத்தோடேயே படியில் இருந்துவிட்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். மெயின் சுவிச்சை நிறுத்தும்போது பச்சை விளக்கும் அணையும். சுவிச் நின்றிருக்கும்வரை ஜெனரேற்றரைப் போட்டாலும் அது எரியாது. மெயின் சுவிச்சைத் தொடாமல் ஜெனரேற்றரிலிருந்து நேரே இணைத்திருந்த அறையின் ஏசி மட்டும் ஆளில்லாத இருட்டில் டீசலில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"என்ன மிஸ், பிழையோ?" என்று கேட்டபோதுதான் அருளப்புவின் குரல் மாறியது.

"பிழை என்ரை அண்ணை. டொக்டர்மாருக்குச் சொன்னன், நேர்ஸ்மாருக்குச் சொன்னன், கணக்கருக்கும் சொன்னன். உங்களுக்குச் சொல்லேல்லை."

அவர் எழுந்து போய் ஜெனரேற்றரை நிறுத்தினார். அதன் பிறகுதான் வேலிப் பக்கத்துச் சேவல் கூவுவது கேட்டது.

ஒன்பது மணிக்கு ஷாலினி மேலே போனாள். பணி முடிந்த அருளப்புவும் வீட்டுக்குப் போகாமல் மாடிப் படிக்குக் கீழே நின்றார். நான் வரவேற்பு மண்டபத்தில் இருந்தேன். பக்கத்தில் வட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஒரு அம்மா மடியில் பெரிய உறையோடு இருந்தார். வயிற்றுநோ. கனடாவில் இருக்கும் மகன் சீ.ரி. எடுத்து அனுப்பச் சொன்னாராம். உதவியாளராக இருந்த பெண், வைத்தியர் எழுதிய துண்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, டொக்டர் அல்ட்ராசவுண்ட்தான் கேட்டிருக்கிறார். அதிலை தெரியாட்டில் பிறகு மற்றதைப் பாப்பம். உங்கடை பழைய படத்தையும் தாங்கோ."

"மகன் பெரிசு எடுக்கச் சொன்னவன் பிள்ளை. காசும் அனுப்பிப்போட்டான்."

"காசை வைச்சு அவருக்குப் பனங்காய்ப் பணியாரம் செய்து அனுப்புங்கோ."

அம்மா உறையைக் கொடுத்துவிட்டார். இதுவும் ஷாலினி தொடங்கிவைத்த வழக்கம் என்று பிறகு அறிந்தேன். தேவையில்லாத ஒரு படம் குறைந்தால் கதிர்வீச்சும் குறையும், மின்சாரமும் மிஞ்சும்.

பத்து மணிக்கு முன்பே அவள் இறங்கி வந்தாள். அருளப்பு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டொக்டர் என்ன சொன்னவர் மிஸ்?"

"'காபனைக் குறைக்கப் போய்க் கரும்புகை விட்டிருக்கிறியள்' எண்டு சொல்லிப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். இன்னும் ஒரு மாதம் தந்திருக்கிறார். டீசல் கூடினால் அதோடை சரி. இனி உங்கடை கையிலைதான் அண்ணை இருக்கு."

"நான் ஒண்டும் செய்யாமல் இருக்கோணும், அவ்வளவுதானே?"

"ஓம். ஆனா வாட்டிலையும் கரண்ட் போனால் மற்றப் பெரிய ஜெனரேற்றரைப் போடுங்கோ. இதை மட்டும் விடுங்கோ."

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறதுதான் மிஸ் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

புதன். காலை ரயிலில் காங்கேசன்துறைக்குப் போனேன். மூடிக்கிடக்கும் சீமெந்துத் தொழிற்சாலையை வெளியே நின்று பார்த்தேன். அது இயங்கிய நாளில் அதன் புகையையும் தூசியையும் ஊரே கண்டது. ஷாலினியின் இயந்திரத்துக்குப் புகைபோக்கி இல்லை. அதற்கான மின்சாரத்தில் ஒரு பங்குக்குப் புத்தளம் பக்கத்து நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. நான் அந்தப் பக்கமாக உறக்கத்தில் கடந்து வந்திருந்தேன். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பிலும் யாரும் நடக்காத நடைவழியில் விடிய விடிய விளக்குகள் எரிகின்றன. அவற்றுக்கும் யாரோ ஒருநாள் ஏதோ காரணம் சொல்லித்தான் இருப்பார்கள்.

அன்று மாலை கொழும்புப் பேருந்துக்குப் போகும் வழியில் ஓட்டோவை மருத்துவமனை வாசலில் நிறுத்தச் சொன்னேன். மணி ஏழு. பின்பக்கம் போனேன். ஜெனரேற்றர் கொட்டிலில் சத்தமில்லை. கதவுக்கு மேலே பச்சை விளக்கு அணைந்திருந்தது. அருளப்பு வழக்கமான இடத்தில்தான் இருந்தார். ஆனால் கதிரையை மறுபக்கம் திருப்பி, விளக்குக்கு முதுகு காட்டி, மதிலைப் பார்த்தபடி.

"என்ன அண்ணை, மதிலையோ காவல் காக்கிறியள்?"

"அணைஞ்ச பச்சையைப் பாத்தால் கை தன்பாட்டிலை ஜெனரேற்றர் சுவிச்சுக்குப் போகுது ஐயா" என்றார், திரும்பாமலே. "ஒரு மாதம் உப்பிடி இருந்தால் பழகிடும்."