நாங்கள் அந்த மாதிரி இல்லை

மலேசியாவில் வாடகை வீடு கேட்டுத் தொலைபேசியில் அழைத்தால், உங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்பே உங்கள் இனத்தைக் கேட்கிறார்கள். வந்த முதல் வாரத்திலேயே இதைத் தெரிந்துகொண்டேன். வீடு கிடைத்து, அதே வீட்டில் இன்றும் குடியிருக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வியை நினைத்தால் இன்னும் உடம்பு பதறுகிறது. வீடு எப்படிக் கிடைத்தது என்று நினைத்தால் வேறு மாதிரிப் பதறுகிறது.

மனைவி இறந்த பிறகு ஊரில் தனியாக இருக்க முடியவில்லை. மகளுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் வேலை கிடைத்தது. நானும் அவளோடு கிளம்பி வந்துவிட்டேன். அவள் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தற்காலிகமாக இடம் கொடுத்திருந்தது. மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். கீழே இறங்கினால் பூக்கடை, வடைச்சட்டி, எங்கும் தமிழ்ப் பேச்சு. இங்கே நமக்கு வீடு கிடைப்பதா கஷ்டம் என்று அலட்சியமாக இருந்தேன்.

வீடு பார்த்துக் கொடுக்க வந்த ஏஜென்ட் ஒரு தமிழ்ப்பெண். சுங்கை வேயில் பிறந்து வளர்ந்தவர், என் மகள் வயதுதான் இருக்கும். தன் சின்னக் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார். ஓட்டிக்கொண்டே வீட்டுக்காரர்களின் ஏஜென்ட்டுகளை அழைப்பார், நாங்களும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டே பேசுவார். பேச்சு ஆங்கிலத்திலும் மலாயிலும் மாறி மாறி நடக்கும். "இண்டியனா? சாரி லா" என்று, இங்கே எல்லாப் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வோடு முடியும். கறி வாசம் சுவரில் ஏறிவிடுமாம். கூட்டம் சேர்ந்து சத்தம் போடுவார்களாம். ஒருவர் காரணமே சொல்லவில்லை, இனத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

"மூஞ்சியக்கூடப் பாக்காம எப்படிம்மா முடிவு பண்றாங்க? இதுக்கெல்லாம் சட்டம் இல்லையா?" என்று கத்தினேன். ஆண்டுக்கணக்கில் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தியவன். சமத்துவ உரிமையைப் பற்றி மேசையைத் தட்டிப் பேசியவன்.

"டென்ஷன் ஆகாதீங்க லா அங்கிள். பிரஷர் ஏறினா ஆஸ்பத்திரியில உடனே இடம் கெடைக்கும். வீடுதான் கெடைக்காது."

பின்னால் இருந்த மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பெண் இதையே தினமும் கேட்டுக்கொண்டு எப்படி ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார் என்று அவர் மேலேயும் கோபம் வந்தது.

மாதம் முடியும் தறுவாயில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வரிசை வீட்டைக் காட்ட அழைத்துப் போனார். வீட்டுக்காரர் தமிழர். பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறார், அதற்கடுத்த வீடும் அவருடையதே. "கொஞ்சம் ஒரு மாதிரி அங்கிள். ஆனா நம்ம ஆளு" என்றார் ஏஜென்ட். நம்ம ஆள் என்றதும் எனக்கு உயிர் வந்தது.

மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தான் நனைந்துகொண்டு எனக்குக் குடை பிடித்திருந்தார். வீட்டுக்காரர் என் வயதுக்காரர். அரைக்கால் சட்டையோடு கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டு, எங்களைப் பார்க்காமல் ஏஜென்ட்டைப் பார்த்துப் பேசினார்.

"லோக்கலாம்மா? இங்க பொறந்த நம்ம ஆளுங்களுக்கு நான் குடுக்கிறதில்லன்னு உனக்குத் தெரியும்ல?"

நம்ம ஆளே சொல்கிறார்! எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தை அவரிடம் காட்டியிருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டியிருக்காது. ஏஜென்ட் "இல்ல சார், இவங்க…" என்று தொடங்கும்போதே நான் குறுக்கே புகுந்தேன்.

"சார், நாங்க இந்தியாவுலேர்ந்து நேரா வந்திருக்கோம். நான் காலேஜ் புரொபசர். இங்க இருக்கிறவங்க மாதிரி இல்ல நாங்க. குடி, சத்தம் எதுவும் கிடையாது. அந்த மாதிரி ஆளுங்க யாரும் எங்க வீட்டு வாசல மிதிக்க மாட்டாங்க."

குடையைப் பிடித்திருந்த கை கொஞ்சமும் ஆடவில்லை. அதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இங்கே இருக்கிறவர்களில் யாரை எனக்குத் தெரியும்? இந்த ஒரு பெண்ணைத்தான் தெரியும். அவர் குடித்துவிட்டுக் கூச்சல் போட்டாரா? என்னை வெயிலில் நிற்கவிடாமல் ஒவ்வோர் இடத்திலும் உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தவர் அவர். பின்னே அந்த வாக்கியம் என் வாயில் எப்படி வந்தது? எங்கள் முகத்தில் கதவைச் சாத்தியவர்களிடமிருந்துதான் வந்தது. அவர்கள் சொல்லக் கேட்டுக் கொதித்துக்கொண்டே அதை மனப்பாடமும் செய்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "அட, மொதல்லயே சொல்லக்கூடாதா சார்!" என்று கேட்டைத் திறந்தார்.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது ஏஜென்ட், "காங்கிராட்ஸ் அங்கிள்" என்றார். பச்சை விழுந்து கிளம்பியதும், "ஒண்ணு கேக்கவா? அந்த மாதிரி ஆளுன்னா எந்த மாதிரி? சும்மா தெரிஞ்சுக்கத்தான். நாளைக்கு கண்ணாடியில பாத்தா அடையாளம் தெரியணும்ல?" என்றார்.

"ஐயோ, உங்கள சொல்லலம்மா. நீங்க வேற."

"ஓ, நான் வேற." சத்தமாகவே சிரித்தார். "எல்லா ஓனரும் இதத்தான் சொல்வாங்க அங்கிள். சாவி வாங்க வந்தா நான் வேற. எனக்கு வீடு கேட்டு வந்தா நானும் அந்த மாதிரிதான்."

குடியிருப்புக்கு வந்ததும் மகள், "அப்பா, அவங்ககிட்ட மன்னிப்பு கேளுங்க" என்றாள்.

"வீடு கெடச்சுதா இல்லையா?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க நேர்ந்தால் தெரியும் என்றும் சொன்னேன். என் மேல் எனக்கு இருந்த கோபத்தை அன்று முழுவதும் அவள்தான் தாங்கினாள்.

குடிபோகும் காலையில் பால் காய்ச்சுவதற்கு ஏஜென்ட்டை அழைத்திருந்தோம். வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கையில் ஓர் அன்னாசிப்பழம். புது வீட்டுக்குள் அன்னாசியை உருட்டிவிட்டால் செல்வம் சேரும் என்பது இங்குள்ள சீனர்களின் வழக்கம், தமிழர்களும் அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் நின்றபடியே, "ஹுவாட் ஆ!" என்று வாழ்த்துக் கூவிப் பழத்தை உருட்டிவிட்டார். அது கூடத்தைக் கடந்து, சுவரில் மோதி, சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றது. மகள் கைதட்டினாள். யார் வாசலை மிதிக்க மாட்டார்கள் என்று நான் சொன்னேனோ, அவரே அந்த வாசலில் நின்று எங்களை வாழ்த்திக்கொண்டிருந்தார்.

அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்பதென்று முடிவு செய்திருந்தேன். வார்த்தைகளும் தயாராக இருந்தன. மகள் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். அதற்குள் வீட்டுக்காரர் வேட்டி கட்டிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, என் வீட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடும் காலியாகுது. இப்பவே போன்ல விளம்பரம் போட்டுரு. லோக்கல் வேணாம். சார் மாதிரி ஆளா பாரு."

ஏஜென்ட் போனை எடுத்தார். எழுதாமல் என்னைப் பார்த்தார். "எப்படி எழுதட்டும் அங்கிள்? நீங்க படிச்சவங்க. சொல்லுங்க."

குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே காத்திருந்தார். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, இனி என்னை யாரும் வெளியே தள்ள முடியாது. 'யார் வந்தாலும் சரி என்று எழுதுங்கள்' என்று சொன்னால் போதும். 'நான் அன்றைக்குச் சொன்னது பொய்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்காரர் மிஞ்சிப்போனால் முகம் சுளித்திருப்பார்.

"பால் பொங்குது" என்று சொல்லி எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

பால் பொங்கவில்லை. ஓரத்தில் நுரைகூடக் கட்டியிருக்கவில்லை. மகள் என்னையும் பாலையும் மாறி மாறிப் பார்த்தாள். கூடத்திலிருந்து அந்தப் பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது. எழுதியதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"லோக்கல் இண்டியன் வேணாம். இந்தியாவுலேர்ந்து வந்தவங்க ஓகே. சரியா சார்?"

"கரெக்ட், கரெக்ட்."

நான் அடுப்பைப் பெரிதாக்கிவிட்டு, பால் பொங்கும்வரை அங்கேயே நின்றேன்.