அம்மாவுக்கு மழை லீவு

சென்னையில் பார்த்த இரண்டு வேலைகளையும் விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பிய வருடம், செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வுக்குக் கட்டுரை எழுதப் பழக்குவதாகத் திட்டம். பிள்ளைகள் தாங்களே யோசித்து எழுதவேண்டும் என்று எனக்கு ஒரே வேகம். போஸ்டர்கூட நானே வரைந்து ஒட்டினேன்.

ஆறேழு பேர் வந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டியூஷனில் எல்லாத் தலைப்புக்கும் கட்டுரை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தார்கள்.

"இங்கன யோசி, யோசின்னுதான் சொல்லுதீங்களாம். யோசிக்கதுக்கு எதுக்கு டியூஷன்?" என்று ஓர் அப்பா சிரித்தபடியே மகனைக் கூட்டிப்போனார்.

மிஞ்சியது ஒருத்திதான். அம்மாவும் அவளும் மட்டுமான வீடு. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டும் வேலை. அவள் எழுதப்போனது திருநெல்வேலிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியின் தேர்வு. தேறினால் ப்ளஸ் டூ வரை இலவசம். தேறாவிட்டால், அம்மா வரும்வரை பூட்டிய வீட்டின் வாசலில் உட்கார்ந்திருக்கும் அதே சாயங்காலங்கள்தான் அவளுக்கு. எனக்கும் அவள் வந்துபோகும் நேரம் தவிர நாள் முழுக்கப் பேச ஆளில்லை.

'மழைநாள்' என்று தலைப்புக் கொடுத்தேன். அவள் எழுதினாள்: "மழை பெய்தால் தீக்குச்சி காயாது. குச்சி காயாவிட்டால் அம்மாவுக்கு லீவு. அம்மா பகலில் தூங்குவாள். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு, மழை விடக் கூடாது என்று நினைப்பேன்."

உட்கார முடியவில்லை எனக்கு. அந்தத் தாளைப் படம் எடுத்துக் கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். ஒருத்தி கட்டைவிரல் போட்டாள். மற்றவர்கள் அதற்குக் கீழே யாருடைய கல்யாணப் புடவையைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவளோடு அவள் அம்மாவும் படியேறி வந்தார். அம்மாவின் விரல்களில் பசை காய்ந்திருந்தது.

"என்ன டீச்சர், வேலையில்லாமக் கெடக்கிறத எல்லாம் எழுதச் சொல்லுதீங்க? கஞ்சிக்கு இல்லாத வீடுன்னு நெனச்சுச் சீட்டு குடுக்க மாட்டாவ."

"நல்லா எழுதியிருக்கா, அக்கா."

"மழைன்னா மயில் ஆடணும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன்ல குடுத்த பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"மயில் எங்க ஆடுது? கடலையைத்தான கொத்தித் திங்குது?"

"அது இங்கன உள்ள மயிலு. பரீட்சைக்கு ஆடுத மயிலத்தான் எழுதணும்" என்றவர், மகள் பக்கம் திரும்பி, "ஏட்டி, மயிலு ஆடணும், கேட்டியா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

தேர்வன்று அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான்தான் கூட்டிப்போனேன். பள்ளி வாசலில் வேப்பமர நிழல் முழுக்கப் பெற்றோர்கள். "உங்க பிள்ளையா?" என்று ஓர் அம்மாள் கேட்டார். இல்லை என்றேன். "தங்கச்சியா?" அதற்கும் இல்லை என்றதும், டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார். மணியடிக்கும்வரை வேறு யாரும் என்னிடம் பேசவில்லை.

வெளியே வந்தவள் என் கையைப் பிடித்தாள். தலைப்பு, 'எங்கள் வீட்டில் ஒரு விடுமுறை நாள்.'

"அம்மா தூங்குவாள்ல, அதத்தான் எழுதினேன் அக்கா. அம்மாட்டச் சொல்லிராதீங்க. மயில நம்பிக்கிட்டு இருக்கா."

சீட்டு கிடைத்தது. அவளை விடுதியில் விட்டுவிட்டு வந்த அம்மா, நேரே என் அறைக்குக் கடம்பூர் போளியோடு வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தாலும் சிரித்தார்.

"பாத்தீங்களா டீச்சர், மயிலு காப்பாத்திருச்சு!"

அந்தப் பிள்ளை எழுதியதைச் சொல்ல வாய்வரை வந்தது. உலகத்திலேயே அதைத் தெரிந்த இன்னொருத்தி இப்போது விடுதியில் இருந்தாள். "ஆமாக்கா" என்றேன்.

"எங்க தெருவுல இன்னொரு பிள்ள இருக்கு. அதுக்கும் அந்த மயில எழுதிக் குடுப்பீங்களா? அனுப்பட்டா?"

அறையில் பிள்ளைகளுக்காக விரித்த பாய் காலியாகக் கிடந்தது.

"நாளைக்கே அனுப்புங்க" என்றேன்.