கருவாட்டோடு காய்ந்த பற்றரி

வாழைச்சேனையில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பழைய கமரா கிடந்தது. வெள்ளி நிறம், சவர்க்காரக் கட்டியளவு. பற்றரி மூடி கழன்று போனதால் இறப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார்கள். அதைக் கையில் வாங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைக்காரர் நேர்மையான மனிதர். "படம் நல்லா விழும் தங்கச்சி. பற்றரியக் கழட்டினா மட்டும் திகதிய மறந்திரும். திருப்பிப் போடோணும்" என்றார்.

திகதி எனக்கு எதற்கு? நான் எடுக்க நினைத்தது எப்போதோ நடந்து முடிந்த ஒரு கலியாணத்தின் படம்.

மாங்கேணியில் இருந்த என் அக்காவின் கலியாண அல்பத்தைச் சுனாமி வீட்டோடு கொண்டுபோய்விட்டது. அக்காவும் அத்தானும் தப்பியதே பெரிய காரியம் என்பதால் அல்பத்தைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் புதிதாகக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குக் குடிபோன அன்றே முன் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். யுத்தம் முடிந்த பிறகும் அந்த ஆணியில் கலண்டர்தான் தொங்கியது. ஸ்டூடியோ என்றால் அத்தான் அசையமாட்டார். "ரெண்டு புள்ளையளப் பெத்துப்போட்டு மாப்பிள்ளை வேசமா? சனம் சிரிக்கும்."

எனக்கும் ஓர் ஆற்றாமை இருந்தது. அக்காவின் கலியாண நேரம் பார்த்துத்தான் எனக்கு அம்மாள் வந்தது. உடம்பெல்லாம் கொப்புளம். இரண்டு வளவு தள்ளிப் பெரியம்மா வீட்டில் வேப்பிலைக்கு நடுவே கிடந்து மேளச் சத்தத்தை மட்டும் கேட்டேன். அல்பத்தில் ஊரே இருந்தது, நான் இல்லை.

வீட்டு வளவுக்குள்ளேயே, ஒரே ஒரு நாள் மட்டும் என்றதும் அத்தான் இறங்கி வந்தார். என் கூறைச் சேலையையும் என் புருசனின் பட்டு வேட்டி சட்டையையும் பையில் அடைத்துக்கொண்டு மாங்கேணிக்கு பஸ் ஏறினேன். அக்கா கலண்டரைக் காலையிலேயே கழற்றி வைத்திருந்தாள்.

சட்டை அத்தானின் வயிற்றைத் தாண்டிப் பூட்டுப்படவில்லை. மாலையை இழுத்து மறைத்தோம். சிரிக்கச் சொன்னால் கண்ணை மூடினார், கண்ணைத் திறக்கச் சொன்னால் பொலிஸில் பிடிபட்டவர் போல முழித்தார். அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் பொட்டு கலைந்தது. "அம்மாட கலியாணத்தில நான் எங்க நிண்டநான்?" என்று மூத்தவள் நடுவில் புகுந்தாள். தன்னை விட்டுவிட்டார்களென்று சின்னவள் அழுதாள். நானும் விடாமல் பொத்தானை அமர்த்தினேன். ஓர் உருப்படியான படம் விழுமுன் பற்றரி செத்துப்போனது.

"காணும். எனக்குக் கடலுக்குப் போகோணும்" என்று அத்தான் வேட்டியை அவிழ்க்கக் கை வைத்தார். அக்கா வெறும் ஆணியை ஒருதரம் பார்த்தாள்.

யுத்த காலத்தில் ரேடியோவுக்கு நாங்கள் செய்த வைத்தியம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பற்றரி இரண்டையும் கழற்றி, முற்றத்தில் கருவாடு காய்ந்த பாயில் வெயில் படும்படி வைத்தேன். பட்டு வேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளை பக்கத்தில் குந்தியிருந்து காகம் விரட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நொந்துபோனது.

சூடேறிய பற்றரியைப் போட்டதும் கமரா கண் விழித்தது. திகதி கேட்டது. அது திரும்பவும் சாகுமுன் படம் எடுக்கவேண்டுமே என்ற பதற்றத்தில், கேட்டதற்கெல்லாம் சரியென்று அமர்த்தினேன்.

"நீயும் வா புள்ள" என்றாள் அக்கா.

கமராவைக் கிணற்றுக் கட்டில் வைத்து, தானாகப் படமெடுக்கும் பொத்தானை அமர்த்திவிட்டு ஓடினேன். பாயில் கால் தடுக்கி, அக்காவின் தோளைப் பிடித்தபடி நின்றேன். சிவப்பு விளக்கு மினுங்கி அணைந்தது. கமரா வில்லையை நாக்குப்போல நீட்டியபடி உயிரை விட்டது.

அந்த ஒரு படத்தில் எல்லோருடைய கண்ணும் திறந்திருந்தது. அத்தான் வாய் நிறையச் சிரிக்கிறார். என் பாவாடைக் கரையில் ஒரு கருவாடு. வாழைச்சேனையில் அதைப் பெரிதாக அடித்து, பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான் மூலையில் செம்மஞ்சள் எழுத்தைக் கவனித்தேன். ஒன்று, ஒன்று என்று ஆங்கிலத் தை முதலாம் திகதி, சுனாமிக்கு முந்திய வருடம். பற்றரியைக் கழற்றியதில் கமரா தன் பழைய நாளுக்கே திரும்பிப் போயிருந்தது.

"பிழையான திகதி அக்கா. அந்த மூலைய வெட்டிக்கொண்டு வாறன்" என்றேன்.

அக்கா அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"வெட்டாத. இது எங்கட கலியாண வருசமெல்லோ" என்றாள். படத்தை ஆணியில் மாட்டினாள். "ஆவணியில நடந்ததுக்குத் தை எண்டு கிடக்கு. அதுக்கென்ன? இந்தமுறை நீயும் வந்திட்டாய்."